தையலக்கா பெயரில் ஒரு கரப்பான்

அந்தத் தெருவில் வந்து டீச்சர் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கரப்பான் டீச்சர் வீடு எது என்று கேளுங்கள், சலவைக்கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்காமலே தாடையால் காட்டுவார். பச்சைக் கதவு, அதற்கு மேலே தையல் மிஷின் படம் போட்ட பழைய தகரப் பலகை. பலகை டீச்சருடையது அல்ல, அவளுடைய அக்காவுடையது. அக்காவுக்குத் தெரு வைத்த பெயர் தையலக்கா. ஆக மொத்தம் அந்த வீட்டில் இரண்டே பெண்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர்கள் இரண்டும் ரேஷன் கார்டில் தூங்கிக்கொண்டிருந்தன.

டீச்சர் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவள். அது பிழைப்பு. பிழைப்பு போக மிச்சமெல்லாம் கரப்பான். முகத்தைச் சுளிக்காதீர்கள். அடுப்படியில் விளக்கைப் போட்டதும் ஓடுகிறதே, அந்த வகையறாவை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்ற ஆயிரக்கணக்கான வகைகள் நம் வீட்டுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை. பட்டைக்கு அடியிலும் சருகுக்கு அடியிலும் தானுண்டு தன் வேலையுண்டு என்று கிடக்கின்றன. நாலு திருடனைப் பார்த்துவிட்டு ஊரையே திருடர்கள் என்பீர்களா என்று டீச்சர் சண்டைக்கு வருவாள். இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துத்தான் தெரு அவளுக்கு அந்தப் பெயரை வைத்தது.

அக்காவைப் பற்றிச் சொல்லாமல் டீச்சரைப் பற்றிச் சொல்ல முடியாது. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அக்காவுக்கு இருபதுகூட ஆகவில்லை. டீச்சருக்கு அப்போதுதான் பால் பல் ஆட ஆரம்பித்திருந்தது. துக்கம் கேட்க வந்த கூட்டம் கலைந்ததும் பெரியப்பா மட்டும் தங்கினார். "குழந்தைய நான் கூட்டிட்டுப் போறேன். நீயே ஒரு குழந்தை. நீ என்ன இவளைப் பெத்தவளா?" என்றார். அவர் வீட்டில் பாத்திரம் தேய்க்க ஆள் நின்றுவிட்டது எல்லோருக்கும் தெரியும். அக்கா தங்கையைத் தையல் மிஷினுக்கு அடியில் தள்ளினாள், யாரோ தைக்கக் கொடுத்திருந்த திரைச்சீலையை மேலே தொங்கவிட்டாள், முன்னால் உட்கார்ந்து கடகடவென்று மிதிக்க ஆரம்பித்துவிட்டாள். பெரியப்பா கத்திப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். மிஷின் நிற்கவில்லை. கடைசியில் அவர்தான் நடையைக் கட்டினார்.

அதற்குப் பிறகு மிஷினுக்கு அடிதான் டீச்சருக்கு வீடு, பள்ளிக்கூடம், விளையாட்டுத் திடல் எல்லாம். வெட்டுத் துணிக்குவியலில் வரும் எறும்பையும் வண்டையும் பார்த்துத்தான் அவளுக்குப் பூச்சிப் பைத்தியம் பிடித்தது. அக்காவைக் கேட்டு நல்ல இடங்கள் வந்தபோதெல்லாம், "பாப்பா படிச்சு முடிக்கட்டும்" என்று சொல்லி அனுப்பினாள். பாப்பாவோ படித்துக்கொண்டே இருந்தாள். பாப்பா டாக்டர் பட்டம் வாங்கியபோது அக்காவுக்குக் காதோரம் நரைத்திருந்தது. இப்போது பாப்பாவுக்கே நாற்பது தாண்டிவிட்டது, இன்னும் பாப்பாதான்.

போன வருடம் அக்காவின் கண் காலை வாரிவிட்டது. நடுப்பார்வை போய்விட்டது, இனி ஓரப்பார்வைதான், திரும்ப வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எதையாவது பார்க்க வேண்டுமென்றால் கோழி மாதிரி தலையைச் சாய்த்துப் பார்க்க வேண்டும். ஊசிக்கு நூல் கோர்க்கிறவளுக்கு நடுப்பார்வை போனால் என்ன மிச்சம்? கடையை மூடினாள். மிஷினுக்கு உறை தைத்துப் போட்டாள், அதையும் தடவித் தடவித்தான். பிறகு சும்மா உட்கார்ந்திருந்தாள். வாழ்நாளில் ஒரு நாள் சும்மா உட்கார்ந்தவள் இல்லை. "நான் எதுக்குடி இனிமே, தண்டச் செலவு" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். டீச்சருக்கு அது சுருக்கென்று குத்தும்.

அந்தச் சமயத்தில்தான் பூச்சி வந்தது. உண்மையில் அதற்கு முன்பே வந்துவிட்டது. கல்லூரி விடுதி வராந்தாவில் மழைக்காலத்தில் விளக்கைச் சுற்றி விழும் பூச்சிகளில் டீச்சர் பொறுக்கிச் சேர்த்த ஒரு கரப்பான் வகை. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, வெல்வெட் மாதிரி பழுப்பு இறக்கை, இறக்கையின் விளிம்பு நெடுக வெளிர்நிறப் புள்ளிகள். எல்லாமே ஆண்கள். எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. ஒரு பூச்சி புதுசு என்று சொல்ல வேண்டுமென்றால் லேசா? மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட்டு, காலில் எத்தனை முள், மீசை எவ்வளவு நீளம் என்று எழுதி, கடைசியில் பின்பக்கத்தை வெட்டி மருந்தில் ஊற வைத்து, உள்ளே இருக்கும் பொடிப் பொடிக் கொக்கிகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்து வரைய வேண்டும். கரப்பான் சாதியில் ஆணின் அடையாளமெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

"ஒரு மாசமா அப்படி என்னத்தடி பார்க்கிற?" என்று அக்கா ஒருநாள் கேட்டாள்.

"அதோட பின்பக்கத்தைக்கா."

"நல்ல உத்தியோகம்! இதுக்கா நான் கண்ணைக் கொடுத்து உன்னைப் படிக்க வெச்சேன்?" என்று அக்கா சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு நர்ஸம்மா எட்டிப் பார்த்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு.

டீச்சர் தான் வரைந்த படத்தைப் பெரிதாக்கி அக்காவின் மடியில் வைத்தாள். அக்கா தலையைச் சாய்த்து, பெரிய லென்ஸை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். இறக்கையோரப் புள்ளிகளில் விரலை ஓட்டினாள்.

"ஓட்டுத் தையல் போட்ட மாதிரி இருக்கே. இடைவெளி ஒரு இடத்துல பிசகல. நல்ல கை."

டீச்சருக்கு அந்த நிமிடமே பெயர் கிடைத்துவிட்டது. தையல்காரி என்று பொருள்படுகிற லத்தீன் சொல்லைத் தேடிப் பிடித்தாள். ஆராய்ச்சிக் கட்டுரையில் பெயர்க் காரணம் என்ற இடத்தில், என் அக்காவின் தொழிலையும் அவர் என்னை வளர்த்ததையும் முன்னிட்டு என்று எழுதினாள். எழுதும்போது கண் நிறைந்துவிட்டது. அக்காவுக்குத் திருப்பிக் கொடுக்க உலகத்தில் எதுவுமே போதாது என்று இத்தனை வருடம் நினைத்திருந்தவள் அவள். ஒரு உயிரின் பெயராக அக்கா நின்றுவிட்டால், இவர்கள் இரண்டு பேரும் போன பிறகும் அந்தப் பெயர் இருக்கும் அல்லவா?

அக்காவிடம் சொன்னபோது அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"கரப்பானுக்கா என் பேரு? ஏன்டி, உனக்கு ஒரு பட்டாம்பூச்சி கிடைக்கலையா?"

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் சலவைக்கடையில் அக்கா குரல் கேட்டது. "லத்தீன்ல வெச்சிருக்காளாம். உலகம் பூரா அந்தப் பேர்லதான் கூப்பிடணுமாம். சட்டமாம். பெரிய பெரிய ராஜா ராணிக்குத்தான் அப்படி வைப்பாங்களாம்." ராஜா ராணி விஷயம் டீச்சர் சொன்னதே இல்லை. அக்காவின் கைச்சரக்கு அது. அன்று முதல் அக்கா காலையில் தலைவாரிக்கொள்ள ஆரம்பித்தாள், கடைக்குத் தானே நடந்து போக ஆரம்பித்தாள், வழியில் அகப்பட்டவர்களுக்கெல்லாம் இறக்கையில் ஓட்டுத் தையல் இருக்கிற கதையைச் சொன்னாள். தண்டச் செலவு என்ற வார்த்தையை டீச்சர் பிறகு கேட்கவே இல்லை.

இனி உருண்டைக்காரியைச் சொல்ல வேண்டும். ஊரின் மறுகோடியில் ஒரு மரக்கிடங்கு. அங்கே உளுத்த கட்டைகளின் பட்டைக்கு அடியில் வேறொரு கரப்பான் இருந்தது. கறுப்பு, பளபளப்பு, உருண்டை. இறக்கையே கிடையாது. தொட்டால் சுருண்டு கோலிக்குண்டு மாதிரி ஆகிவிடும். இது புதுசு அல்ல. நூறு வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் பெண் பூச்சி இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு பெயர் வைத்துவிட்டார். அதன் ஆண் எப்படி இருக்கும் என்று அவருக்கும் தெரியாது, பின்னால் வந்த யாருக்கும் தெரியாது. மாணவிகளுக்குக் காட்டலாமே என்று டீச்சர் ஒரு தாயைக் கொண்டுவந்து, கல்லூரியில் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் சருகு போட்டு வளர்த்தாள். அது குட்டி போட்டது. குட்டிகள் வளர்ந்துகொண்டிருந்தன.

கோடை விடுமுறையில் கல்லூரி நிர்வாகம் கட்டிடம் முழுக்கக் கரப்பான் மருந்து அடிக்க ஆள் ஏற்பாடு செய்தது. கரப்பானுக்கு மருந்தடிக்க வருகிறார்கள் என்று கரப்பானைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தவள் உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். பெட்டி, உறை போட்ட தையல் மிஷின் மேல் உட்கார்ந்தது.

"அடிப்பாவி, வீட்டுக்கே கொண்டு வந்துட்டியா! செருப்பை எடுத்தேன்னா பாரு" என்று அக்கா குதித்தாள்.

டீச்சர் தாயை எடுத்து அக்காவின் உள்ளங்கையில் வைத்தாள். கண் போன பிறகு அக்காவின் விரல்களுக்குத்தான் எல்லாம் தெரிகிறது. குளிர்ந்த, வழவழப்பான உருண்டை. அக்கா கையை உதறப் போனாள். அதற்குள் உருண்டை கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது. வயிற்றுக்கு அடியில் ஒட்டிக்கொண்டு வெள்ளை வெளேரென்று குஞ்சுகள். அது அந்தத் தாயின் இரண்டாவது ஈடு. அரிசி முனை அளவுகூட இல்லை. கூசுகிற கால்களோடு அக்காவின் ரேகைமேல் இறங்கி, பயந்து மறுபடி தாய்க்கு அடியிலேயே ஓடின. தாய் அவற்றை உள்ளே வைத்துச் சுருண்டுகொண்டாள்.

"அடியே பாப்பா, பொத்திக்கிறாடி!" என்றாள் அக்கா, குரல் மாறி. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று சும்மாவா சொன்னார்கள், கரப்பானுக்கு மட்டும் இல்லாமல் போகுமா?

அன்றிலிருந்து பெட்டி அக்காவின் பொறுப்பு. தாய்க்குப் பொத்தான் என்று பெயர் வைத்தாள், சட்டைப் பொத்தான் மாதிரி இருந்ததால். காலையில் கேரட்டை வட்டமாக நறுக்கிப் போடுவாள், நேற்றைய காய்ந்த துண்டை எடுப்பாள், பஞ்சை நனைத்து வைப்பாள், மூடியை ரப்பர் பட்டை போட்டுக் கட்டுவாள். தடவித் தடவி எல்லாம் ஒழுங்காக நடந்தது. விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த பிறகும் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. "அங்க எவ பார்த்துப்பா? இங்கயே கிடக்கட்டும்" என்றுவிட்டாள்.

கட்டுரையின் ப்ரூஃப் வந்த வாரம். டீச்சர் ஒருமுறை சரிபார்த்துத் திருப்பி அனுப்பினால் அச்சாகிவிடும், அதோடு அந்தப் பெயர் நிலைத்துவிடும். கல்லூரி அருங்காட்சி அறையில் அந்த முதல் பூச்சிக்கு, புது இனத்தின் முதல் மாதிரி இதுதான் என்று குத்த வேண்டிய சிவப்புச் சீட்டைக்கூட அவள் கத்தரித்து வைத்துவிட்டாள். ஒரு சாயங்காலம் கல்லூரியிலிருந்து தெருவுக்குள் நுழைந்தபோது சலவைக்கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியையே கீழே வைத்துவிட்டுக் கூப்பிட்டார்.

"டீச்சர், உங்கக்கா பேருள்ள பூச்சி வீட்டைத் தேடியே வந்திருச்சாமே! நான் போய்ப் பார்த்துட்டு வந்தேன். சும்மா சொல்லக் கூடாது, கரப்பானா இருந்தாலும் களையாத்தான் இருக்கு."

விளக்குக்குப் பறந்து வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே டீச்சர் உள்ளே போனாள். உள்ளே நர்ஸம்மாவும் இன்னும் நாலைந்து பெண்களும் மிஷினைச் சுற்றி நின்றிருந்தார்கள். நடுவில் அக்கா, கல்யாண வீட்டுக்காரி மாதிரி பூரித்துப்போய்.

"வாடி வா, இதைப் பாரு! என் பூச்சி வந்திருக்கு. ஓட்டுத் தையல் இருக்கு, லென்ஸ் வெச்சுப் பார்த்துட்டேன்."

"எங்கேக்கா இருந்துச்சு?"

"பொத்தான் பெட்டிக்குள்ளதான். காலையில கேரட் போடறப்ப இல்ல. இப்ப மூடியைத் தொறந்தா உக்காந்திருக்கு, மகாராஜா மாதிரி."

டீச்சர் பையைக் கீழே வைத்தாள். "வெளியிலேர்ந்து பறந்து உள்ள போயிருக்குமோ?"

"எப்படிப் போகும்? ரப்பர் போட்டு நான்தானே கட்டறேன். ஈ எறும்புகூட நுழையாது."

டீச்சர் பெட்டிக்குள் பார்த்தாள். சருகின் மேல் பழுப்பு இறக்கையோடு அது இன்னும் முழுசாக உலராமல் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் அது உரித்துப்போட்ட சட்டை, முதுகில் பிளந்து கிடந்தது. கறுப்பாக, இறக்கை இல்லாமல், பொத்தானின் மூத்த ஈட்டுக் குட்டிகள் போட்டிருக்கிற அதே சட்டை. வெளியிலிருந்து யாரும் வரவில்லை. இது பொத்தானின் மகன். நூறு வருடமாக யாரும் பார்க்காத அந்த ஆண் இதுதான். பெண் பட்டையை விட்டு வெளியே வராது, ஆண் விளக்கைத் தேடிப் பறந்து போகும். ஆணைக் கண்ட இடம் ஒரு மூலை, பெண்ணைக் கண்ட இடம் ஒரு மூலை. உருவத்திலோ ஒட்டுமில்லை உறவுமில்லை. புருஷனை ஒரு சாதி, பெண்டாட்டியை ஒரு சாதி என்று டீச்சர் எழுதி வைத்திருந்தாள். இந்தத் தொழிலில் இருக்கிறவர்களைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு தப்பைப் பண்ண முடியாது.

ஒரு உயிருக்கு ஒரு பெயர்தான். முதலில் வைத்தது எதுவோ அதுதான் நிற்கும். உருண்டைக்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறது. அப்படியானால் தையல்காரி இல்லை.

"என்னடி பேச்சையே காணோம்? சந்தோஷத்துல வாயடைச்சுப் போச்சா?" என்றாள் அக்கா. பெண்கள் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்து வைத்தாள்.

அன்றைக்குச் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. ஒருவேளை தப்பாக இருக்குமோ என்று நப்பாசை. அடுத்த வாரமே இன்னொரு குட்டி சட்டை உரித்தது, அதுவும் இறக்கையோடு. அதற்குக் கூடப்பிறந்தது ஒன்று உருண்டையாகவே நின்றது. ஆண் பிள்ளைகள் அப்பன் ஜாடை, பெண் பிள்ளைகள் அம்மா ஜாடை. இனி சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஒருநாள் அக்கா கடைக்குப் போயிருந்தபோது டீச்சர் பெட்டியைக் கொல்லைப்புறம் எடுத்துக்கொண்டு போனாள். மூடியைத் திறந்து விட்டால் பறந்து போய்விடும். தெருவில் பார்த்தவர்களுக்கு என்ன தெரியும்? இன்னும் ஐம்பது வருடம் ஆகலாம் வேறொருவர் கண்டுபிடிக்க. அதற்குள் அக்கா நிம்மதியாக இருந்துவிட்டுப் போவாள். ரப்பர் பட்டையைக் கழற்றிக்கூட விட்டாள். பிறகு தன்மேலேயே அருவருப்பு வந்து, மாட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். மற்றவர்கள் அருவருக்கிற பூச்சியைத் தொட்டு ஒருநாளும் அருவருக்காதவள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா மிஷின் முன்னால் உட்கார்ந்து கேரட் நறுக்கிக்கொண்டிருக்கும்போது டீச்சர் சொன்னாள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள். சொல்லி முடித்துத் தரையில் உட்கார்ந்துகொண்டாள், மிஷின் மிதிகட்டைக்குப் பக்கத்தில், பழைய இடத்தில்.

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஊரெல்லாம் சொல்லிட்டேனேடி."

"தெரியும்க்கா."

"முதல்லயே ஒழுங்காப் பார்த்திருக்கக் கூடாதா? இத்தனை படிப்புப் படிச்சு?"

"என் தப்புதான்."

அக்கா கேரட் துண்டுகளைத் தட்டில் ஒதுக்கினாள். அவள் முகத்தை டீச்சரால் பார்க்க முடியவில்லை. பிறகு, சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்டாள்.

"வேற யாருக்காச்சும் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப விட்டுடேன், பாப்பா. எவன் வந்து பார்க்கப் போறான்? நான் என்ன சொத்தா கேக்கறேன்?"

அக்கா ஆயுசில் அவளிடம் எதையும் கேட்டதில்லை. ஒரு சேலை வேண்டும் என்றோ, ஒரு இடத்துக்குக் கூட்டிப் போ என்றோ கேட்டதில்லை. முதன்முதலாகக் கேட்டது இது. இதற்கு இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. டீச்சர் எழுந்து, பெட்டியைத் திறந்து, பொத்தானை எடுத்து அக்காவின் கையில் வைத்தாள்.

"அப்படியே விட்டா, இவளோட புள்ளை இவளோடது இல்லேன்னு நான் எழுதிக் கொடுத்ததா ஆயிடும்க்கா. ஊர் உலகமெல்லாம் அதைத்தான் படிக்கும். வேற யாரோ எவளோ பெத்ததுன்னு."

பொத்தான் சுருண்டிருந்தாள். அக்காவின் கைச்சூட்டில் மெல்ல விரிந்தாள். குஞ்சுகள் வளர்ந்துவிட்டன, அடியில் இப்போது இடம் போதவில்லை, ஆனாலும் ஒன்றிரண்டு முண்டியடித்துக்கொண்டு உள்ளேயே கிடந்தன. அக்கா ஒரு விரலால் அவளுடைய முதுகைத் தடவினாள்.

"நீ என்ன இவளைப் பெத்தவளான்னு கேட்டார்டி பெரியப்பா," என்றாள், சம்பந்தமே இல்லாத மாதிரி. "நீ அப்ப இங்கதான் கிடந்தே, கீழ. என் காலைப் புடிச்சுக்கிட்டு. நான் மிதிக்க மிதிக்க நீயும் கூடவே ஆடினே. எங்கேருந்துதான் எனக்கு அவ்வளவு தைரியம் வந்துச்சோ."

டீச்சர் அழுதாள். நாற்பது வயதுப் பேராசிரியை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதாள்.

"சரி சரி, மூக்கைத் தொடை," என்றாள் அக்கா. "அவ புள்ளைய அவகிட்டயே கொடுத்துடு. நமக்கு வேண்டாம் அந்தப் பாவம். எழுது, மாத்தி எழுது. சலவைக்கடைக்காரன்கிட்ட நான் பேசிக்கறேன்."

பேசவும் செய்தாள். "என் பேரை நானே வேண்டாம்னுட்டேன். அந்தப் பூச்சிக்கு ஏற்கெனவே ஆத்தா பேரு இருக்காம், ஆத்தா பேரைப் பறிக்கலாமா?" என்று ஒரே போடாகப் போட்டாள். சலவைக்கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார். நர்ஸம்மா மட்டும், "பெரிய மனசு தையலக்கா உனக்கு" என்றாளாம். அக்கா வீட்டுக்கு வந்து அதை இரண்டு தடவை சொன்னாள். ஆனால் ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டாள். வலிக்காமல் இருக்குமா?

டீச்சர் பழைய கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். புதிய இனம் என்பது போய், நூறு வருடமாகத் தெரியாமல் இருந்த ஆண் பூச்சியின் விவரம் என்று அடக்கமான தலைப்போடு வேறொரு கட்டுரை எழுதினாள். சிவப்புச் சீட்டு மேஜை டிராயருக்குள் போய்விட்டது. முதலில் சட்டை உரித்த அந்த மகன் தன் ஆயுசு முடிந்து இறந்தபோது ஊசியில் குத்தி, இறக்கையை நேராக்கி உலர்த்தினாள். அது அருங்காட்சி அறையில் இடம் பிடித்த அன்று அக்காவைக் கல்லூரிக்குக் கூட்டிப் போனாள்.

இரும்பு அலமாரிகள், பாச்சை உருண்டை நெடி, கண்ணாடி மூடி போட்ட இழுப்பறைகள். அக்கா நல்ல துணி உடுத்திக்கொண்டு, கைப்பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவள் மாதிரி நின்றாள். டீச்சர் ஒரு இழுப்பறையை இழுத்து, மூடியை எடுத்து, அக்காவின் கையில் லென்ஸைக் கொடுத்தாள். ஊசியில் பூச்சி. அதற்குக் கீழே அட்டைத்துண்டில் ஒட்டிய பழைய சட்டை. அதற்கும் கீழே பொடி எழுத்தில் ஒரு வெள்ளைச் சீட்டு.

"எனக்குத் தெரியல. படி."

"தாய் எடுக்கப்பட்ட இடம், மரக்கிடங்கு, பட்டைக்கு அடியில். அந்தத் தாய்க்குப் பிறந்தது, வீட்டில் வளர்க்கப்பட்டது." டீச்சர் நிறுத்தினாள். "வளர்த்தவர்னு போட்டு உன் பேருக்கா."

"என் பேரா? எந்தப் பேரு?"

"அம்மா அப்பா வெச்ச பேரு. முழுசா."

"தையலக்கான்னு போட்டிருந்தா நாலு பேருக்குத் தெரிஞ்சிருக்கும்," என்றாள் அக்கா. ஆனால் லென்ஸை இறக்கவில்லை. தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தாள். "இதையும் நாளைக்கு எவனாச்சும் வந்து செல்லாதுன்னுட மாட்டானே?"

"மாட்டான்க்கா. பூச்சிக்கு வெச்ச பேரை மாத்தலாம், நானே மாத்தலையா? சீட்டை மட்டும் எவனும் கழட்டக் கூடாது. எங்க தொழில்ல அது பெரிய பாவம். புதுசாச் சொல்ல ஏதாச்சும் இருந்தா இன்னொரு சீட்டு எழுதிக் கீழ குத்தலாம், இது அப்படியேதான் இருக்கும். பேருங்கறது நாங்க நினைச்சது. சீட்டுங்கறது நடந்தது. நீ வளர்த்தே. அது நடந்தது."

அக்கா லென்ஸைத் தங்கையிடம் கொடுத்தாள். கையை நீட்டி, பூச்சியைத் தொடாமல், இழுப்பறையின் விளிம்பை மட்டும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவினாள், தைத்து முடித்த துணியில் ஓரத்தைத் தடவிப் பார்க்கிற மாதிரி.

"ஆமா, நடந்ததுதான்," என்றாள்.

டீச்சர் கண்ணாடி மூடியைப் போட்டு இழுப்பறையைத் தள்ளப் போனாள். அக்கா சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மெதுவா மூடு, பாப்பா. அதுக்கு அதிரப் போகுது."